ஒரே ஓர் அடிக்காகப் பாரிவாக்கத்திலிருந்து ஒரு வேன்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினேன். ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். எழும்பூர்ப் பக்கத்தில் இருக்கும் அரங்கத்துக்குப் போக வேண்டியவள் இதே ரயிலில் நேராகச் சென்ட்ரல் போயிருக்கலாம். ஆனால் நான் போக வேண்டியது அரங்கத்துக்கு மட்டும் அல்ல. முதலில் பாரிவாக்கம் போய், ரேவதியின் குடும்பத்தோடு வேனில் ஏறி, அவளுடைய பெரியப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் எனக்குக் கொடுத்திருந்த வேலை அது.

ரேவதியும் நானும் ஒரே கல்லூரி. அவள் வணிகவியல், நான் இதழியல். கல்லூரி என்.சி.சி. பேண்டில் அணிவகுப்புக்கு சிம்பல் தட்டிக்கொண்டிருந்தவள் அவள். சிம்பல் என்றால் இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒவ்வொன்றும் நம் வீட்டுச் சோற்றுத் தட்டைவிட ஒன்றரை மடங்கு பெரிது. பேண்டு மாஸ்டர் சொல்லி, நகரத்தில் இளைஞர்களுக்காக நடக்கும் ஒரு மேற்கத்திய இசைக்குழுவில் எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்தாள். வியாழக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் ஒத்திகை. வியாழக்கிழமை அவள் கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்பது. பிரச்சினை அந்த ஒன்பது மணிதான்.

அவள் அப்பா குமார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். எதையும் அண்ணனைக் கேட்காமல் முடிவு செய்யாதவர். அண்ணன் தணிகாசலம் வானகரத்தில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், தெருக்கோயில் ஆடித் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். அவர் சொன்னது இதுதான்: "ஒரு தபா நானே நேர்ல வந்து பாக்கறேன். பாத்துட்டு, போலாமா வாணாவான்னு முடிவு பண்ணலாம்."

அந்த ஒரு தபா இன்று.

முந்தைய நாள் ரேவதி போனில் என்னிடம் சொன்னாள். "பெரிப்பா பொன்னாட வாங்கி வச்சிகினு கீறாராம், அம்மா சொல்லிச்சி. நம்ம தெரு கச்சேரில பாட்டு நடுவுல ஏறிப் போத்துவாரு இல்ல, அதே மாறி இங்கயும் ஏறிட்டாருன்னா நான் செத்தேன். நீ அவரு பக்கத்துல குந்து. நான் அடிக்கறதுக்கு முன்னாடி அவரு எழுந்துக்கக் கூடாது."

"எத்தனை தடவை அடிப்பே?"

"ஒண்ணு."

"ஒரு பாட்டா?"

"ஒரு அடி. கடைசீல. ஊட்ல சொல்லல."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ். பருத்திப்பட்டு, காடுவெட்டி தாண்டிக் கரையான்சாவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாரிவாக்கம். ஆட்டோவுக்கு இருபது ரூபாய். சாலையின் இடப்புறம் புது அடுக்குமாடிகள், வலப்புறம் மனை எண் எழுதிய கற்கள் நட்ட காலி நிலம். அந்தக் கற்களுக்கு நடுவே எருமைகள் படுத்திருந்தன. ரேவதியின் தாத்தா கூலிக்கு நாற்று நட்ட நிலம் அந்தப் பக்கம்தான் எங்கோ இருந்தது என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். எது என்று அவளுக்கும் தெரியாது.

ஒன்றரை மணிக்கு வேன் தெருமுனையில் நின்றது. பன்னிரண்டு பேர். பெண்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள். தணிகாசலம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் தெரியும்படி பேனா. மடியில் சரிகைக் கரை போட்ட சிவப்புப் பொன்னாடை, பாலிதீன் உறையோடு. பின் சீட்டில் வாழையிலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து வைத்த ரோஜா மாலை.

"நீதான் ரிப்போர்ட்டரா? வாம்மா, இங்க குந்து" என்று அவரே பக்கத்து இடத்தைக் காட்டினார். என் வேலையின் முதல் பாதி சுலபமாக முடிந்தது.

ஓட்டுநர் பாபு கேட்டார். "அண்ணாத்தே, எந்த ரூட்டு? போரூர் பக்கம் போனா மெட்ரோ தூணுக்குத் தூணு நிக்கணும்."

"வேலப்பன்சாவடி வழியா உடு. வானகரத்துல என் கம்பெனி வாசல்ல ஒரு ஆரன் அடி. இன்னைக்கி லீவு போட்டுட்டு எங்க போறேன்னு பசங்களுக்குத் தெரியணும்."

பாபு நிஜமாகவே அடித்தார். கிடங்கு வாசலில் இருந்த காவலர் எழுந்து சல்யூட் வைத்தார். வேனுக்குள் சிரிப்பு.

பாரிவாக்கத்திலிருந்து அரங்கம் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். மதுரவாயல் வரை வேகமாகப் போனோம், கோயம்பேட்டில் ஊர்ந்தோம். ரேவதியின் பெரியம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, நம்ம பொண்ணு எத்தினி பாட்டுக்கு வாசிப்பா?"

"ஒரு பாட்டுதான் ஆன்ட்டி. பெரிய பாட்டு."

"பாடறது ஆம்பளையா பொம்பளையா?"

"பாட மாட்டாங்க."

பெரியம்மா இதை நம்பவில்லை. ரேவதியின் அம்மா அமுதா ஜன்னலோரம் உட்கார்ந்து எதுவும் பேசாமல் வந்தார். அவரும் அம்பத்தூரில்தான் வேலை, ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் தையல். மகள் இரண்டு எவர்சில்வர் மூடிகளை வைத்துக்கொண்டு சமையலறையில் சத்தமில்லாமல் பழகுவதைத் தினமும் பார்ப்பவர் வீட்டில் அவர் ஒருவர்தான்.

மூன்றேகாலுக்கு அரங்க வாசல். டிக்கெட் இருநூறு ரூபாய், மாணவர் அட்டை காட்டினால் நூறு. நான் நூறு கொடுத்தேன். குடும்பத்துக்கு இலவச பாஸ். விடுதியில் தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள், பார்க்க வர யாரும் இல்லாததால், தங்களுக்குரிய பாஸ்களையும் ரேவதிக்குக் கொடுத்திருந்தார்கள்.

வாசலில் காவலர் மாலையைப் பார்த்துக் கை நீட்டினார். "சார், பூ உள்ள அலவ்டு இல்ல. கார்ப்பெட்டு பாழாவுது."

நான் சண்டையை எதிர்பார்த்தேன். தணிகாசலம் அவருடைய சட்டையில் இருந்த நிறுவனப் பட்டையைப் படித்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "நானும் இந்த லைன்தான். ரூல்ஸ்னா ரூல்ஸு. டேய் விக்கி, மாலைய பாபுகிட்ட குட்துட்டு வா." திரும்பி காவலரிடம், "இது துணிதானே? பூ இல்லியே?" என்று பொன்னாடையைக் காட்டினார். காவலர் யோசித்தார். விதியில் துணி பற்றி எதுவும் இல்லை.

உள்ளே குளிர். எண்ணூறு பேர் உட்காரக்கூடிய கூடம், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நாங்கள் நடுவில் ஒரு வரிசை முழுக்க. நடைபாதையை ஒட்டிய இருக்கையில் தணிகாசலம், அடுத்து நான், அப்புறம் அவருடைய மகன் விக்கி. மேடைக்கு ஏற இடப்புறம் ஐந்து படிகள் இருந்தன. அவர் அதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டார். அவர் பார்த்ததை நானும் பார்த்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் கறுப்பு உடையில் ஐம்பது பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் என் வயது. ரேவதி கடைசி வரிசையில், பெரிய செப்பு முரசுகளுக்குப் பக்கத்தில். கறுப்புச் சுடிதார், இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. அவள் முன்னால் ஒரு தாங்கியில் இரண்டு தட்டுகள். எங்கள் வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்து ஆடின. அவள் பார்த்தாள், ஆனால் ஆட்டவில்லை.

"மைக்கே காணோமே?" என்றார் தணிகாசலம்.

ஒரு பெண் குழல் போன்ற கருவியில் ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதினாள். எல்லாரும் அதற்குத் தங்கள் கருவிகளைச் சரி செய்தார்கள். நின்றதும் விக்கி கை தட்டினான். "முதல் பாட்டு சுமாரு" என்றான். முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"டெஸ்டிங்டா அது, மூட்றா" என்றார் தணிகாசலம். அவர் ஊகம் சரி.

குழுவை நடத்துபவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மாநிறம், ஒல்லி. அவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றதைப் பெரியம்மா ரசிக்கவில்லை. "மரியாத தெரியாதவரா கீறாரே."

பிறகு இசை ஆரம்பித்தது. வகுப்புக்கு நான் கட்டுரை எழுத வேண்டியது அதைப் பற்றித்தான், ஆனால் எனக்கு அதற்குரிய சொற்கள் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். வயலின்காரர்கள் எல்லாருடைய வில்லும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போனது. ஒலிபெருக்கி இல்லை. இருந்தும் பின்வரிசையில் பெரிய பித்தளைக் குழல்கள் ஊதியபோது என் இருக்கையின் கைப்பிடி அதிர்வதை விரலால் உணர முடிந்தது. சத்தம் அடங்கிய இடங்களில் அவர்கள் தாள் புரட்டும் ஓசை கேட்டது. கல்யாண மண்டபத்தில் பக்கத்து ஆளிடம் கத்திப் பேசிப் பழகியவளுக்கு, அறுநூறு பேர் இருக்கும் இடத்தில் தாள் புரட்டும் ஓசை கேட்பது முதலில் சங்கடமாக இருந்தது. இருமல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

இந்த இசைக்கு நான்கு பகுதிகள் என்று கையில் கொடுத்த தாளில் போட்டிருந்தது. முதல் பகுதி முடிந்ததும் எங்கள் வரிசை கை தட்டியது, விக்கி விசில் அடித்தான். வேறு யாரும் தட்டவில்லை. நடத்துபவர் திரும்பாமல் தலையை மட்டும் லேசாக அசைத்தார். தணிகாசலத்தின் கை பாலிதீன் உறைக்குப் போனது.

"இன்னும் மூணு இருக்கு அங்கிள்" என்றேன்.

"அப்ப இவ எப்போ அடிப்பா?"

"கடைசியில."

அவர் உறையிலிருந்து கையை எடுத்தார். இரண்டாம் பகுதி மெதுவானது. பெரியம்மா தூங்கினார். மூன்றாவதில் விக்கி போனை எடுத்தான், அப்பாவின் முழங்கை என்னைத் தாண்டிப் போய் அவனை இடித்தது. இவ்வளவு நேரமும் ரேவதி அசையவே இல்லை. முதுகு நாற்காலியில் படாமல், கைகள் மடியில், கண் நடத்துபவர் மேல். பக்கத்தில் முரசுக்காரர் பலமுறை அடித்தார், துடைத்தார், தண்ணீர் குடித்தார். அவள் எதுவும் செய்யவில்லை. பெரியம்மாவைத் தவிர மற்ற எல்லாரும் அவள் எதுவும் செய்யாததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவளுக்கு வேல குடுக்க மாட்டாங்களா?" என்று குமார் வரிசையின் மறுகோடியிலிருந்து முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

நான்காம் பகுதி. வேகம் ஏறியது. குழல்கள், முரசு, வயலின் எல்லாம் ஒன்றாக ஏறிக்கொண்டே போய் ஒரு பெரிய சத்தத்தில் வெட்டினாற்போல் நின்றன. முழு அமைதி. முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். ரேவதி அடிக்கவே இல்லையே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பக்கத்து இருக்கை காலி.

அவர் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். உறையைப் பிரித்த பொன்னாடை இரண்டு கைகளிலும் விரிந்திருந்தது. திருவிழா மேடைக்குப் போகும் அதே நடை, நிதானமாக, நெஞ்சு நிமிர்ந்து. அவர் பாதி தூரம் போனபோது வயலின்கள் மிக மெல்ல மறுபடி ஆரம்பித்தன.

அவர் நின்றார். எண்ணூறு இருக்கைக் கூடத்தின் நடுவே, சிவப்புப் பொன்னாடையை ஏந்தியபடி, ஒருவர். தன்னார்வலராக நின்ற ஒரு பெண் ஓடி வந்து காதில் ஏதோ சொன்னாள். பின்னால் வருவதைவிட முன்னால் போவது பக்கம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, அவர் மேடைப் படிக்கட்டுக்குப் போய் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார். பொன்னாடை மடியில்.

மேலே ரேவதி எழுந்து நின்றாள். தட்டுகளைக் கையில் எடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் அவர் அவளுக்கு நேர் எதிரே. அவள் கண்டிப்பாகப் பார்த்தாள். நான் அமுதாவைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

அவள் அடிக்கவில்லை. தட்டுகளை நெஞ்சளவில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். வயலின்கள் ஏறின, குழல்கள் சேர்ந்தன, கூடத்தின் காற்றே கனத்தது. நடத்துபவரின் இடக்கை கடைசி வரிசையை நோக்கி உயர்ந்தது.

அடித்தாள்.

இரண்டு தட்டுகளையும் உடனே பிரித்துத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். விளக்கொளி அவற்றில் பட்டதும் கூரையில் இரண்டு வட்டங்கள் ஓடின. அந்தச் சத்தம் கூடத்தை விட்டுப் போகாமல் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் மேலே சிறிது நேரம் நின்றது. அதற்குப் பின் வந்ததை நான் கேட்கவில்லை. அமுதா அழுதுகொண்டிருந்தார், பெரியம்மா விழித்துக்கொண்டு "இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி" என்று கேட்டார்.

இசை நிஜமாகவே முடிந்தது. எல்லாரும் தட்டினார்கள். இந்த முறை விக்கியின் விசில் தனியாக இல்லை. நடத்துபவர் ஒவ்வொரு வரிசையாக எழுப்பினார். தணிகாசலம் மேடையேறினார். யாரும் தடுக்கவில்லை. நேராக ரேவதியிடம் போவார் என்று நினைத்தேன். ஆனால் நம் மேடைகளுக்கு ஒரு முறை உண்டு. தலைவருக்குத்தான் முதல் மரியாதை. அவர் நடத்துபவருக்குப் போர்த்தினார். கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

நடத்துபவரும் இந்த ஊர்க்காரர் என்பது அப்போது தெரிந்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டு, அதே பொன்னாடையைக் கழற்றி, தணிகாசலத்தின் தோளிலேயே திருப்பிப் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடம் இன்னும் பலமாகத் தட்டியது. கடைசி வரிசையில் ரேவதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு வெளியே வந்தோம். வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ரோஜா மாலையைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார் பாபு. கல்யாண வண்டி மாதிரி இருந்தது. "வாடுச்சின்னா அண்ணாத்தே திட்டுவாரு, அதான் காத்தாட வுட்டேன்" என்றார்.

ரேவதி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அமைந்தகரை வந்தது. விக்கிதான் ஆரம்பித்தான்.

"அவ்ளோதானா? ஒரே அடியா? இதுக்கா டீசல் போட்டுகினு வந்தோம்?"

நாள் முழுக்கப் பேசாத அமுதா திரும்பினார். "ஏன்டா, கல்யாணத்துல தாலி எத்தினி தபா கட்றாங்க? ஒரு தபாதானே? அதுக்கு நீ பந்தல் போட்டு ஊரையே கூப்புடறது இல்ல?"

வேன் குலுங்கச் சிரித்தது. விக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தணிகாசலம் சிரிக்கவில்லை. பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"தட்டத் தூக்கிகினு நின்னுகினே இருந்தியே" என்றார் ரேவதியிடம். "மறந்துட்டா போலன்னு எனக்கு வேர்த்துப் போச்சி."

"உன்னப் பாத்துதான் பெரிப்பா எனக்கு வேர்த்துச்சி. படியில குந்திகினு இருந்தே."

"கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சி."

"தெரில."

குமார் அண்ணனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இன்னா அண்ணே சொல்றே? போவட்டுமா?"

"ஊட்டாண்ட போயி பேசலாம்" என்றார் தணிகாசலம். மதுரவாயல் தாண்டியதும் காற்று வேகமாக அடித்தது. ரேவதி அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். தணிகாசலம், மடித்த பொன்னாடையை முன் சீட்டிலிருந்து பின்னால் நீட்டினார். "அவ மேல போத்து. காத்து அடிக்கிது."

ஏழே கால் மணிக்குக் கரையான்சாவடி. நான் ஆவடி பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். என்னை ஏற்றிவிடத் தணிகாசலமும் இறங்கினார். பஸ் வரவில்லை. அவர் என்னோடு நிற்காமல் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போனார், நகரத்திலிருந்து வரும் பஸ்கள் நிற்கும் இடம் அது. கம்பத்து விளக்கை அண்ணாந்து பார்த்தார். இரண்டு அடி நகர்ந்து வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று பார்த்தார். பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டது, அவர் குரல் பெரியது என்பதால், இந்தப் பக்கம் வரை கேட்டது.

"நைனா, வியாழக்கெழம ஒம்போது மணிக்குக் கட தொறந்திருக்குமா?"

"பத்து வரிக்கும் கீது அண்ணாத்தே. இன்னா விசயம்?"

"இந்த பெஞ்ச எடுத்துறாத. வாரா வாரம் நான் வந்து குந்துவேன். எங்க பொண்ணு கச்சேரி பழகிட்டு வரும்."

என் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரேவதி வேனுக்குள் பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.